நாகப்பட்டினத்துக்கு வந்த எரிமலை

நம் பக்கத்தில் மலை கிடையாது. மலை என்ன, கல்லே கிடையாது. தோண்டினால் மண், இன்னும் தோண்டினால் மணல், அதற்கும் கீழே தண்ணீர். அம்மிக்கல்லும் ஆட்டுக்கல்லும் வெளியூரிலிருந்துதான் வண்டியில் வரும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்து கொண்டுவந்ததுதான். இப்படிப்பட்ட பூமியில் பிறந்து, வயலையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்தவன், எழுபத்து நான்கு வயதில் எரிமலையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. இருபது வருடங்களுக்கு முன்னால் ஒரு அம்மாவுக்குத் தவறான பதில் சொல்லிவிட்டேன். அதைத் திருத்த வேண்டும்.

'எரிமலை' என்ற சொல்லுக்கு முன்பே 'வொல்கான்' என்ற சொல்தான் எனக்குத் தெரியும். நான் பிறந்தபோது காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழுமையாக ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி. கொடி மாறினாலும் எங்கள் பள்ளியில் பாடமொழி மாறவில்லை. பூகோளமும் சரித்திரமும் பிரெஞ்சிலேயே நடந்தன. காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்று தெரியுமோ தெரியாதோ, செயின் நதி எந்த ஊர் வழியாகப் போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம்.

அந்தப் பூகோள வகுப்பில்தான் மார்த்தினிக் தீவின் பெலே மலையைப் பற்றி எங்கள் முசியே சொன்னார். முசியே என்றால் வெள்ளைக்காரர் அல்ல. வேட்டி கட்டினால் நம்மைப் போலவே இருக்கும் தமிழர்தான். மார்த்தினிக் எங்களுக்கு முற்றிலும் அந்நியமான பெயரும் அல்ல. 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல், பிரெஞ்சு இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு அந்தத் தீவின் சேன் பியேர் துறைமுகத்தில் போய் இறக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் இருபத்தைந்தாயிரம் பேருக்கு மேல் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார்கள். அவர்களில் நம் பக்கத்து ஜனங்களும் ஏராளம்.

அந்த சேன் பியேர் நகரம் 1902 மே 8-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு, ஒரு சில நிமிடத்தில் அழிந்தது. மலையிலிருந்து கிளம்பிய நெருப்பு மேகம் சரிவில் உருண்டு வந்து ஊரை மூடிவிட்டது. ஏறத்தாழ 28,000 பேர் இறந்தார்கள். ஊருக்குள் இருந்து பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒருவர், தடித்த சுவர் உள்ள சிறைக் கொட்டடியில் அடைபட்டுக் கிடந்த கைதி.

முசியே அந்தக் கைதியின் கதையோடு நிறுத்தவில்லை. "மலை முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்ததடா" என்றார். பல நாட்களாகச் சாம்பல் கொட்டியது. கந்தக நாற்றம் அடித்தது. மூன்று நாள் முன்னால் மலையிலிருந்து வந்த சேற்று வெள்ளம் ஒரு சர்க்கரை ஆலையை ஆட்களோடு புதைத்தது. ஞாயிற்றுக்கிழமை தேர்தல் வேறு இருந்தது. ஜனங்களுக்குத் தைரியம் சொல்ல கவர்னரே மனைவியோடு வந்து தங்கினார். அவரும் அங்கேயே போனார். "நோட்டீசைப் படித்தார்கள், ஆனால் நம்பவில்லை" என்று முசியே முடித்தார். பத்து வயதுப் பையனுக்கு அது ஒரு கதை, அவ்வளவுதான்.

இனி 2004-க்கு வருகிறேன். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை என்ன நடந்தது என்று நம் பக்கத்து மனிதர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின. காரைக்காலில் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவு. நான் அப்போது சர்வீசில் இருந்தேன். மறுநாளே என்னைப் போன்ற குமாஸ்தாக்களை நிவாரண முகாம்களுக்கு அனுப்பினார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் மேசை போட்டுக்கொண்டு, காணாமல் போனவர்களின் பெயர், வயது, தகப்பனார் பெயர் என்று எழுதிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் எத்தனையோ பட்டியல் எழுதியிருக்கிறேன். அந்தப் பட்டியலை மட்டும் கை நடுங்காமல் எழுத முடியவில்லை.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, ஒரு மீனவ அம்மா வந்து உட்கார்ந்தார். மகனையும் பேத்தியையும் பறிகொடுத்தவர். விவரமெல்லாம் சொல்லி முடித்துவிட்டு எழுந்திருக்காமல் கேட்டார்: "ஐயா, நீங்க படிச்சவுங்க. கடல் இப்படி ஏறி வரும்னு எந்தப் புத்தகத்துலயும் எழுதி வெக்கலையா?"

"இல்லம்மா. நம்ம கரைக்கு இந்த மாதிரி வந்ததே இல்ல. எங்கயும் எழுதல" என்றேன்.

ஆறுதலுக்காகச் சொன்ன பொய் அல்ல. உண்மை என்று நம்பித்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு கிரகடோவா எரிமலையைப் பற்றி ஒரு புத்தகம் படித்தேன். முசியே சொன்ன பெலே மலை நினைவு வந்ததால் எடுத்த புத்தகம். அதில் கடல் அலை எங்கெங்கே பதிவானது என்ற இடத்தில் 'நாகப்பட்டினம்' என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். 1883-ஆம் வருடம். நான் இருந்த மண்டபத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தூரத்தில்.

நாகப்பட்டினத்தில் என்ன பதிவானது என்று சொல்வதற்கு முன்னால், எரிமலை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன்.

முதலில், எரிமலை எரிவதில்லை. அங்கே விறகும் இல்லை, தீயும் இல்லை. பூமிக்கு அடியில் பாறை உருகி, அந்தக் குழம்பு மேலே வருகிறது. அதன் சூடுதான் நமக்கு நெருப்பாகத் தெரிகிறது. பூமிக்குள் முழுக்கக் குழம்புதான் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதுவும் சரியல்ல. மேலோட்டுக்குக் கீழே மிகப் பெரும்பகுதி கெட்டிப் பாறைதான். சில இடங்களில் மட்டும் உருகுகிறது.

ஏன் சில இடங்களில்? பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல; பல தட்டுகளாகப் பிரிந்து மெதுவாக நகர்கிறது. நாம் நெல் நடும் இந்த நிலமும் அப்படி ஒரு தட்டின் மேல்தான் இருக்கிறது. அதே தட்டின் கிழக்கு ஓரம், அந்தமானுக்கும் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் அருகே கடலுக்கு அடியில், பக்கத்துத் தட்டின் கீழே செருகிக்கொண்டு போகிறது. வருடத்துக்குச் சில சென்டிமீட்டர், அவ்வளவுதான். போகும்போது கடலின் ஈரத்தையும் உள்ளே இழுத்துச் செல்கிறது. சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் பிரிந்து மேலே உள்ள சூடான பாறையில் கலக்கிறது. வெல்லத்தைச் சும்மா வாணலியில் போட்டால் உருக நேரமாகும். கொஞ்சம் தண்ணீர் விட்டால் சீக்கிரம் இளகிவிடும் அல்லவா? பாறையும் நீர் கலந்தால் குறைந்த சூட்டிலேயே உருகத் தொடங்குகிறது. உருகிய குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட லேசானது. அதனால் மேலே ஏறி, மலைக்கு அடியில் ஓர் அறையில் சேர்கிறது. சுமத்ரா, ஜாவா எரிமலைகள் எல்லாம் இப்படி உண்டானவை. நம் அந்தமானில், போர்ட் பிளேருக்கு வடகிழக்கே உள்ள பாரன் தீவும் இதே வரிசைதான். இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் உறங்கிவிட்டு 1991-இல் மறுபடி விழித்தது.

சரி, குழம்பு ஏன் வெடிக்கிறது? அதற்கு நம்ம ஊர் கோலி சோடா போதும். பாட்டிலுக்குள் காற்று தண்ணீரில் கரைந்து, அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கிறது. கோலியைத் தட்டியதும் அழுத்தம் குறைந்து குபுகுபுவென்று நுரை பொங்குகிறது. பாறைக் குழம்பிலும் நீராவியும் கந்தக வாயுவும் மற்ற வாயுக்களும் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது. வாயு குமிழிகளாகப் பிரிகிறது.

இங்கேதான் குழம்பின் பக்குவம் முக்கியம். ரசம் கொதித்தால் குமிழி வந்து சத்தமில்லாமல் உடைகிறது. கேழ்வரகுக் கூழ் கெட்டியாகும்போது பாருங்கள், 'பொளக்' என்று வெடித்துக் கையைச் சுடும். மணலில் உள்ள சிலிக்கா என்ற பொருள் குழம்பில் குறைவாக இருந்தால் அது ரசம் மாதிரி. ஆறாக ஓடும், பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. காரைக்கால்காரர்கள் பிழைக்கப் போன ரெயூனியோன் தீவின் எரிமலை அந்த ரகம். 1977-இல் அதன் குழம்பு ஒரு தேவாலயத்தைச் சுற்றி வளைத்து, வாசலோடு நின்றது. சிலிக்கா அதிகமானால் கூழ். குமிழி வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் குழம்பே தூள்தூளாகச் சிதறுகிறது. நாம் எரிமலைச் சாம்பல் என்பது அடுப்புச் சாம்பல் அல்ல, நொறுங்கிய பாறைத்தூள். பெலே மலையும் கிரகடோவாவும் இந்த இரண்டாவது ரகம்.

கிரகடோவா, ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே சுந்தா நீரிணையில் ஒரு தீவு. அப்போது அந்த நாடு டச்சுக்காரர்களிடம் இருந்தது. இருநூறு வருடம் உறங்கிய மலை 1883 மே 20-ஆம் தேதி புகைய ஆரம்பித்தது. பத்தேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, ஜனங்கள் டிக்கெட் வாங்கிக் கப்பலில் வேடிக்கை பார்க்கப் போனார்கள். மூன்று மாதம் கழித்து ஆகஸ்ட் 26 பிற்பகலில் பெரிய வெடிப்புகள் தொடங்கின. மறுநாள் காலை நான்கு மாபெரும் வெடிப்புகள். பத்து மணிக்கு வெடித்ததுதான் உச்சம். அந்தச் சத்தம் இலங்கையிலும் கேட்டது. 4,800 கிலோமீட்டர் தள்ளி, மொரீஷியசுக்குக் கிழக்கே உள்ள ரோட்ரிக்ஸ் தீவிலும் கேட்டது. அந்தத் தீவின் போலீஸ் அதிகாரி, தூரத்தில் பீரங்கி சுடுவதுபோல் கேட்டது என்று எழுதி வைத்தார். அவர் எழுதி வைக்காவிட்டால் இன்று யாருக்கும் தெரியாது. இதைக் கவனியுங்கள்.

நம் வீடுகளில் முன்பு நெல் குதிர் இருந்தது. அடியில் உள்ள வாயைத் திறந்து நெல்லை எடுத்தால், மேலே உள்ள நெல் நடுவில் குழிந்து இறங்கும். கிரகடோவாவில் நடந்தது அதுதான். அடியில் இருந்த குழம்பு வெளியே கொட்டிப்போனதும், தாங்க ஆளில்லாமல் தீவின் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்குள் அமிழ்ந்தது. கொதிக்கும் பாறைத்தூள் மேகங்களும் கடலில் பாய்ந்தன. தள்ளப்பட்ட தண்ணீர் எங்கே போகும்? முப்பது மீட்டருக்கும் உயரமான அலைகளாக எழுந்து இரண்டு பக்கக் கரைகளையும் வாரிக்கொண்டு போனது. கணக்கில் வந்த சாவு 36,417. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நெருப்பில் சாகவில்லை, தண்ணீரில் செத்தார்கள்.

அந்த அலை இந்துமகா சமுத்திரம் முழுவதும் பரவியது. இலங்கையில் காலித் துறைமுகத்தில் கடல் உள்வாங்கி, படகுகள் தரையில் கிடந்தன. பிறகு தண்ணீர் திரும்பி வந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில் பாணமை என்ற ஊரில் ஒரு பெண் அலையில் சிக்கி இறந்தார்.

அன்றைய நாகப்பட்டினத் துறைமுகத்தில் சர்வே இலாகா கடல் ஏற்றவற்றத்தைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை வைத்திருந்தது. அமைப்பு எளிது. கடலோடு குழாயால் இணைத்த ஒரு கிணறு. அதில் ஒரு மிதவை. மிதவை ஏறி இறங்குவதற்குத் தக்கபடி ஒரு பென்சில், கடிகார விசையில் சுற்றும் உருளைமேல் சுற்றிய காகிதத்தில் கோடு போடும். தினமும் வழவழப்பாக ஏறி இறங்கும் கோடு, 1883 ஆகஸ்ட் 27 அன்று ரம்பப் பல் மாதிரி ஆனது. ஊரை அழிக்கும் உயரமில்லை. மூன்றடிக்கும் குறைவான அலைகள்தான். வயலில் இருந்தவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் காகிதம் கவனித்தது. சர்வே இலாகாவின் மேஜர் பேர்டு என்ற அதிகாரி, நாகப்பட்டினம், சென்னை, போர்ட் பிளேர் முதலிய துறைமுகங்களின் காகிதங்களைச் சேர்த்து மறு வருடமே அறிக்கை எழுதினார்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு அதிசயம். மேலே போன நுண்ணிய தூளும் கந்தகப் புகையும் காற்றில் உலகைச் சுற்றி வந்தன. செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. நீலமாகத் தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். சென்னை வானிலிருந்து அதை ஆராய்ந்து கட்டுரையும் வெளியிட்டார்கள்.

இதெல்லாம் படித்தபோது எனக்கு ஒரு சமாதானம் தோன்றியது. 'அது எரிமலை அலை. 2004-இல் வந்தது நிலநடுக்க அலை. வேறு வேறுதானே?' என்று. அந்தச் சமாதானமும் நிலைக்கவில்லை. கிரகடோவாவுக்கு இரண்டு வருடம்கூட ஆகாத முன்பு, 1881 டிசம்பர் 31-ஆம் தேதி, கார் நிகோபாருக்கு அருகே கடலடியில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அந்த அலையும் நாகப்பட்டினம் காகிதத்தில் விழுந்திருக்கிறது. 2004-இன் நிலநடுக்கமும் அதே விளிம்பில்தான்: சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் விரிசல் ஓடியது. அதாவது நம் தட்டு செருகிக்கொண்டு போகும் இடத்தில், உருகிய பாறை மேலே வந்தால் எரிமலை. இறுகிப் பிடித்திருந்த பாறை திடீரென்று நழுவினால் நிலநடுக்கம். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டுமே நம் கரைக்கு ஆள் அனுப்பித் தங்கள் விலாசத்தைத் தெரிவித்திருக்கின்றன, இரண்டு வருட இடைவெளியில்.

அரசாங்க அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்த காகிதத்தில் உடனே செய்ய எதுவும் இல்லை என்றால் ஓரத்தில் 'கோப்பில் வைக்கவும்' என்று எழுதிவிடுவோம். நானே ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதினால் பெரும்பாலும் அந்தக் காகிதத்தின் ஆயுள் முடிந்தது என்று பொருள். நாகப்பட்டினத்துக் காகிதமும் அப்படித்தான் கோப்புக்குப் போனது. ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் படித்தார்கள். கடற்கரையில் குடியிருந்தவர்களுக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை.

அந்தக் காகிதத்தை முன்பே படித்திருந்தால் மட்டும் எல்லோரும் பிழைத்திருப்பார்களா? அப்படிச் சொல்ல மாட்டேன். மூன்றடி அலையைப் பார்த்து, பின்னாலே முப்பதடி வரும் என்று யார் சொல்ல முடியும்? ஆனாலும் 'கடலுக்கு அப்பால் பூமி அசைந்தால் இங்கே அலை வரும். கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடு' என்ற ஒரு வரி நம் பள்ளிப் பாடத்தில் இருந்திருக்கலாம். செயின் நதியை மனப்பாடம் செய்த தலைக்கு அது பாரமா?

இன்று ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது; 2007-இலிருந்து வேலை செய்கிறது. நல்லது. ஆனால் கிரகடோவா முற்றுப்பெறவில்லை. அமிழ்ந்த இடத்திலிருந்து 1927-இல் ஒரு புது மலை கடலுக்கு மேலே தலைகாட்டியது. கிரகடோவாவின் பிள்ளை என்று அந்த ஊர்க்காரர்கள் பெயர் வைத்தார்கள். 2018 டிசம்பர் 22 இரவு அதன் ஒரு பக்கம் கடலில் சரிந்து, நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள். எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. ஏனென்றால் அங்கே கருவிகள் நிலநடுக்கத்துக்காகக் காத்திருந்தன, வந்ததோ எரிமலை.

அந்த மீனவ அம்மாவின் பெயர் என் கையால் எழுதிய பட்டியலில் இருந்தது. பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது. பெயர் நினைவில் இல்லை. முகம் மட்டும் இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு இரண்டு முறை அந்தக் கடற்கரைப் பக்கம் போனேன். புதுக் காலனி வீடுகள் வந்துவிட்டன. யாரை, என்னவென்று கேட்பது? திரும்பிவிட்டேன்.

அவர் கேட்டதற்குச் சரியான பதில் இதுதான்: "எழுதி வெச்சிருக்காங்கம்மா. நாகப்பட்டினத்துலயே எழுதி வெச்சிருக்காங்க. நாங்கதான் படிக்கல."

கடற்கரைப் பக்கம் உறவு வைத்திருப்பவர்கள், பேரப்பிள்ளைகள் உள்ளவர்கள், இதை அவர்களுக்கு ஒரு முறை சொல்லிவையுங்கள். எரிமலை நம்மிடம் இல்லை. அதன் தண்ணீர் வரும்.